இடது மூலையில் இருந்த பட்டன்

இந்தச் சம்பவத்தைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட முழுசாக நம்பியதில்லை. சொல்கிறவர் ஒரு சரக்கு புக்கிங் ஆபீசில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு ஒருவர் சொல்கிற கதையை எப்படிச் சந்தேகப்படுவது? ஆனாலும் எங்கேயோ இடித்தது.

அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் முகமே மாறியிருந்தது. புது சிஸ்டம் ஏற்றியிருந்தார்கள்.

"ஐயையோ, பட்டனைக் காணோம்!"

ஹெட் கிளார்க்கின் குரல். சிஸ்டம் கம்பெனி சொல்லிக்கொடுக்க அனுப்பியிருந்த சர்வீஸ் பெண் ஓடிவந்தாள்.

"எந்தப் பட்டன் அண்ணா?"

"இடது மூலையில இருக்குமேம்மா, எல்லாத்தையும் ஆரம்பிக்கிற பட்டன். கண்ணை மூடிக்கிட்டு அமுக்குவேன். இப்ப அமுக்கினா இன்னைக்கு மழை வரும்னு சொல்லுது. நான் மழையைப் பத்திக் கேட்டேனா?"

"அது நடுவுக்கு வந்துடுச்சு அண்ணா."

"குடியிருக்கிறவனை ஒரு வார்த்தை கேக்காம வாசப்படியைத் தூக்கி நடுக்கூடத்துல வைப்பாங்களா?"

ஹாலே சிரித்தது. மேனேஜர் தன் கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"உலகமே மாறிடுச்சு. நீங்க ஒருத்தர்தான் அந்த மூலையையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க!"

அதட்டிவிட்டு உள்ளே போனார். கதவை மட்டும் சாத்தவில்லை.

சாத்தினால் பாடம் காதில் விழாதே! காலையிலிருந்து அவரும் அதே மூலையை அமுக்கி அமுக்கி மழைச் செய்தியைத்தான் படித்துக்கொண்டிருந்தார். 'நடுவுக்கு வந்துடுச்சு' என்று கேட்டதும் நைசாக நடுவில் அமுக்கினார். திறந்துகொண்டது. அப்பாடா!

வாய்விட்டு யாரிடம் கேட்பது? புது சிஸ்டம் வேண்டும் என்று மேலிடத்தை நச்சரித்ததே அவர்தான். வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருகிறார். மேனேஜர் தன் கையாலேயே இயக்கிக் காட்ட வேண்டும். யாருக்குப் புதுசு வரவில்லையோ அவர் குடோனுக்குப் போய் மூட்டை எண்ண வேண்டியதுதான். மேனேஜருக்கும் அதே சட்டம்.

அதிர்ஷ்டம் பாருங்கள், இவர் முட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் ஹெட் கிளார்க்கும் போய் முட்டிக்கொண்டார்.

"வெட்டு, ஒட்டுன்னு எழுத்துல இருந்ததெல்லாம் எங்கம்மா? கத்தரிக்கோல் படம் போட்டு வச்சிருக்கான். இதென்ன ஆபீஸா, தையல் கடையா?"

"அந்தப் படத்தையே அமுக்குங்க அண்ணா."

"சத்தமாச் சொல்லும்மா. காது மந்தமாயிடுச்சு!"

அவள் தொண்டை கிழியக் கத்துவாள். மேனேஜர் உள்ளே கத்தரிக்கோலை அமுக்கிப் பார்ப்பார். வேலை நடக்கும். உடனே வெளியே வந்து, "இதுகூடவா தெரியலை? உங்களுக்கு குடோன்தான் சரி" என்று ஒரு டோஸ் விட்டுவிட்டுப் போவார். ஆபீஸே சேர்ந்து ஹெட் கிளார்க்குக்குப் 'பழைய வெர்ஷன்' என்று பேர் வைத்தது. அவர் அதற்கும் சிரித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம். மேனேஜருக்கு எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ரேட் பட்டியலையும் புக்கிங்கையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைக்கத் தெரியவில்லை. இழுத்தால் ஒன்று ஓடிப்போகிறது, விட்டால் இன்னொன்று மறைந்துபோகிறது. வேர்த்துக் கொட்டியது.

"ஏம்மா, ரெண்டு விண்டோவை ஒட்டி ஒட்டி வைக்கணும்னா என்ன பண்ணணும்?"

வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டதும் மேனேஜருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மேலே ஓரத்துல ஒரு சதுரம் இருக்கில்ல? அது மேல அம்பை வச்சுட்டுச் சும்மா இருங்க. கட்டம் கட்டமா வரும்" என்று கத்தினாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தணித்தாள். "அண்ணா, நிஜத்தைச் சொல்லுங்க. நான் வர்றப்பவே உங்க ஸ்கிரீன்ல ரெண்டும் ஒட்டித்தானே இருந்துச்சு? எதுக்கு இந்தக் கூத்து?"

"மெதுவாப் பேசு" என்று கிசுகிசுத்தார், காது மந்தமானவர். "எனக்கு மொத நாளே எல்லாம் பழகிடுச்சு. மேனேஜர் முதுகுக்குப் பின்னால அலமாரி இருக்கு பார். அந்தக் கண்ணாடியில அவர் ஸ்கிரீன் அப்படியே தெரியும். அவர் எங்க முழிக்கிறாரோ அதைத்தான் உன்கிட்ட கேக்கிறேன். பாவம், தெரியலைன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. எனக்கென்ன? திட்டு வாங்கி மரத்துப்போன தோலு."

நாலு நாளாகத் தீட்டி வைத்திருந்த காது. ஒரு சொல் தப்பவில்லை. வழக்கம்போல டோஸ் விட எழுந்து வந்த மேனேஜர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் விரல்கள் பறந்தன. மேலதிகாரி அசந்துபோனார்.

"பிரமாதம்! சரி, இங்கே யாருக்கு இது வரலை? குடோன்ல ஒரு இடம் காலியா இருக்கு."

ஹால் மொத்தமும் 'பழைய வெர்ஷன்' பக்கம் திரும்பியது.

இதை மட்டும் மேனேஜர் வாயாலேயே கேட்க வேண்டும்: "அப்ப நான் சொன்னேன்: 'சார், எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவர் இல்லைன்னா இன்னைக்கு நான் இல்லை.' எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சுட்டேன்!"

இந்த இடம் வரும்போது மேனேஜர் குரல் தழுதழுக்கும். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொள்வேன், கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போய்விடுவேன்.

போன வாரம் கேட்டுவிட்டேன்.

"அது சரி சார், அப்புறம் ஏன் அந்த ஹெட் கிளார்க் குடோன்ல மூட்டை எண்ணிக்கிட்டே ரிட்டயர் ஆனாரு?"