ஊதாக் குருணை

அறுவைசிகிச்சை மேசையிலேயே முப்பிடாதி இறந்துபோனாள். மயக்கமருந்து டெக்னீஷியன் லூர்துமேரி, இயந்திரத்திலிருந்து கழற்றிய டப்பாவைக் கொட்ட வெளியே வந்தபோது, அதிலிருந்த ஊதாநிறக் குருணைகளை வாசலில் நின்றிருந்த கணவன் இசக்கியப்பன் பார்த்தான்.

“இது என்னதும்மா?”

“உங்க வீட்டம்மா வெளிய விட்ட கரியமில வாயுவ உறிஞ்சுற சுண்ணாம்பு. வெள்ளையாத்தான் இருந்துச்சு. உறிஞ்ச உறிஞ்ச ஊதாவாயிரும்.”

“அப்ப அவ மூச்சு இதுக்குள்ளதான் இருக்கா?”

அவன் துண்டை விரித்து ஏந்தினான். அவள் உள்ளே போய், சிறிய பிளாஸ்டிக் புட்டியில் கொஞ்சம் போட்டு, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தாள்.

“திறந்திராதீங்க, கை வெந்துரும்.”

புட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவன் பிணவறைப் பக்கம் நடந்தான். சும்மா வைத்திருந்தாலே அந்த நிறம் விடிவதற்குள் வெளுத்துவிடும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.