முள்ளுக்கு அடியில் ஒரு பாதை

"தண்டவாளத்தைப் போய் எப்படிங்க திருடுவாங்க? அது என்ன கொடியில காயப்போட்ட துண்டா?"

கேட்டது குட்டிரயில்காரரின் மனைவி. ஊரில் அவருக்கு அதுதான் பெயர். எப்போதோ மூடிவிட்ட குறுகிய ரயில்பாதை ஒன்றின் வரலாற்றை எழுதுவதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது அந்த ரயில் மேட்டில் நிற்கிறார்.

முட்புதருக்கும் மண்ணுக்கும் அடியில் இத்தனை காலம் படுத்திருந்த தண்டவாளம் இல்லை. வெட்டிய முள் ஓரமாகக் குவிந்திருந்தது. நடுவில் நீளமாக இரண்டு பள்ளங்கள், பல் பிடுங்கிய ஈறு மாதிரி.

மற்ற இடங்களில் இருந்ததெல்லாம் பழைய இரும்பாக எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. இந்தத் துண்டு மட்டும் மண் சரிந்து மூடியதால் தப்பியது. கண்டுபிடித்தவர் அவர்தான். அதைப் பார்க்கத்தான் இன்று பிற்பகல் பாரம்பரியக் குழு வருகிறது. தண்டவாளம் இருந்தால் பாதுகாக்கப்பட்ட இடம். இல்லாவிட்டால் வெறும் மண்மேடு. புறவழிச் சாலைக்காரர்கள் இடித்துத் தள்ளக் காத்திருக்கிறார்கள். குழு வருமுன் முள்ளை வெட்டி வைக்கலாம் என்று கணவனும் மனைவியும் அரிவாளோடு வந்தபோதுதான் இந்தக் காட்சி.

புகார் கேட்டு வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"ஒண்ணு இடிக்குது சார். தேடித் தோண்டியிருந்தா அங்கங்க வீண் குழி கெடக்கணும். இவனுங்க ஒரு குழிகூடத் தப்பாத் தோண்டலை. வளைவுலகூடக் கோடு பிசகலை. மேலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாத எடம். யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத்தான் தெரியும்."

"வேற?"

"வேற யாருக்கும்..." பெருமையாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். இன்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"சரி, நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முன்னால் வந்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்க போங்க! சிலிண்டரை நகத்திக் குடுங்கன்னா இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு ரெண்டு நாள் படுத்துக்குவாரு. இவரு தண்டவாளத்தைத் தூக்கினாரா?"

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, கேக்கறது என் வேலை," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னொண்ணும் புரியலை. எதையும் அறுத்து எடுக்கலை. ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்கான். இத்தனை வருஷத் துருவுல ஒரு போல்ட் கழலுமா?"

முணுமுணுத்துக்கொண்டே அவர் மேட்டின் மறுகோடிக்கு நடந்தார்.

குட்டிரயில்காரர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி மனைவி பார்த்ததில்லை. கேலி அடங்கி அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வருவாரே அந்தத் தம்பி, அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? துடிச்சுப் போயிடுவான்."

"இதோட அருமை தெரிஞ்சவர் உங்களை விட்டா அவர்தானே? சொல்லுங்க. மனசு கொஞ்சம் லேசாகும்."

உண்மைதான். அவர் எழுதிய புத்தகத்தை உறவினர்களே அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தபோது, படித்துவிட்டு வீடு தேடி வந்தவன் அந்தத் தம்பி ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். இருவருமாக இந்த மேட்டில் நடப்பார்கள். மண்ணை விலக்கி இணைப்புகளைத் தேடிப் பிடித்து, கையோடு கொண்டுவந்த கேனிலிருந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணெய் விடுவான். "துரு தின்னுடக் கூடாது பாருங்க சார்" என்பான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான் என்று அவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

செல்போனை எடுத்து அழைத்தார். மணி போனது.

மேட்டில் நீராவி இன்ஜினின் விசில் நீளமாகக் கேட்டது.

மனைவி துள்ளி எழுந்தாள். மறுகோடியிலிருந்து இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். அது பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து குட்டிரயில்காரரே பிரதி எடுத்து ஆசையாகக் கொடுத்த விசில். முள் குவியலுக்கு அடியிலிருந்து வந்தது.

கான்ஸ்டபிள் லத்தியால் முள்ளை விலக்கிக் குனிந்து ஒரு செல்போனை எடுத்தார். திரையைப் படித்துவிட்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"சார், ‘குருநாதர்’னு வருது."