ஆளுக்கொரு டிஸ்க்

“பாதி பாதியாவே போடுங்க தம்பி. நாங்க ரெண்டு பேரும் வேற வேறயா என்ன?” என்றார் பெரிய சகலை.

“அதானே! ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் எங்க போகப் போறோம்?” என்றார் சின்ன சகலை.

அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். இரண்டு பேரும் சேர்ந்து போர்டு, பேனர் டிசைன் பண்ணும் கடை நடத்துகிறார்கள். பெரியவர் படமும் கலரும் பார்ப்பார். சின்னவர் வாசகம் எழுதிப் பிழை திருத்துவார். கடையின் மொத்த உழைப்பும் ஒரே கம்ப்யூட்டரில். அது என்றைக்காவது படுத்துவிட்டால் என்ன ஆவது என்று ஆளுக்கொரு புது டிஸ்க் வாங்கி, கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் இரண்டு டிஸ்க்கையும் சேர்க்கும் செட்டிங் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் விளக்கினார்.

“நல்லா யோசிச்சுக்குங்க சார். மிரர்னு வெச்சா ரெண்டு டிஸ்க்லயும் எல்லாமே முழுசா இருக்கும். ஒண்ணைக் கழட்டினாலும் இன்னொண்ணு ஓடும். ஸ்ட்ரைப்னு வெச்சா பாதி இதுல, பாதி அதுல. வேகம் ஜாஸ்தி. ஆனா தனியா ஒண்ணை எடுத்தா ஒண்ணுக்கும் உதவாது.”

“எங்களை மாதிரியேன்னு சொல்லுங்க!” பெரியவர் சின்னவர் தோளில் கை போட்டார். சின்னவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சின்னவர் டீ சொல்லப் போன நேரம், பெரியவர் கம்ப்யூட்டர்காரர் காதருகே குனிந்தார்.

“தம்பி, மிரரே வெச்சிடுங்க. நாளைக்கு நான் தனியா போறதா இருந்தா, என் டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டுப் போயிடலாம் பாருங்க. சகலைக்குத் தெரிய வேணாம். பாவம், மனசு கஷ்டப்படுவார்.”

டீ வந்தது. பெரியவர் போன் பேச வெளியே போனார். சின்னவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, மிரர் வெச்சிடுங்க. அவர் எப்போ என்னைக் கழட்டி விடுவாரோ, யாரு கண்டா? ஆனா அவர்கிட்ட சொல்லிடாதீங்க. என்மேல உயிரையே வெச்சிருக்கார்.”

கம்ப்யூட்டர்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். எதையோ அழுத்தினார். பழைய வேலையையெல்லாம் புது டிஸ்க்குகளுக்கு மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு விடுமுறை நாள். மத்தியானம் பெரியவர் வந்து, மேலே இருந்த தன் டிஸ்க்கைக் கழட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் சின்னவர் வந்து, கீழே இருந்த தன் டிஸ்க்கைக் கழட்டினார். வாசலையே பார்த்துக்கொண்டு கழட்டியதில், மேலே காலியாக இருந்தது அவர் கண்ணில் படவில்லை.

அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு மண்ணும் வரவில்லை.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர்காரர் கடை வாசலில் இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். கையில் ஆளுக்கொரு டிஸ்க்.

“தூசு தட்டலாம்னு கழட்டினேன்,” என்றார் பெரியவர்.

“நானும் அதுக்குத்தான். ஒரே தூசு,” என்றார் சின்னவர்.

இரண்டு முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷ வேலையும் போய்விட்டதென்றால், புதுக் கடை என்ன, பழைய கடையே கிடையாது.

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர்காரர் காதில் கிசுகிசுத்தார். “நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?”

“என்ன சார் சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க, சின்னவருக்கும் கேக்கட்டும்.”

“ஒ... ஒண்ணுமில்ல. டீ குடிச்சீங்களான்னு கேட்டேன்.”

சின்னவரும் வாயைத் திறந்தார். பெரியவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னபடி பாதி பாதியாத்தான் வெச்சிருக்கேன். வாங்க, ரெண்டையும் மாட்டிப் பாப்போம்,” என்று கம்ப்யூட்டர்காரர் பையைத் தூக்கிக்கொண்டார்.

டிசைன் கடைக்கு வந்து இரண்டையும் மாட்டினார். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. சகலைகளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

“எல்லாம் ஒழுங்கா வந்திருக்கான்னு பாக்கணும். கடைசியா சேவ் பண்ண ரெண்டு ஃபைலைத் திறக்கறேன்.”

“வேணாம்!” இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதற்குள் திறந்துவிட்டார்.

ஒன்று, பெரியவர் ரகசியமாகப் போட்டு வைத்திருந்த புதுக் கடை போர்டு. இன்னொன்று, சின்னவர் ரகசியமாகப் போட்டு வைத்திருந்த புதுக் கடை போர்டு.

சின்னவர் போர்டில் மருந்துக்குக்கூட ஒரு பிழை இல்லை. ஆனால் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து. கண்ணை இடுக்கினாலும் படிக்க முடியாது. பெரியவர் போர்டு கண்ணைப் பறித்தது. அடியில் கொட்டை எழுத்தில், ‘எங்களுக்கு வேரு கிளைகள் கிடையாது.’



“சகலை... வேறுக்குப் பெரிய ‘று’ போடணும்,” என்றார் சின்னவர், தலையைக் குனிந்துகொண்டு.

“டவுட்டாத்தான் இருந்துச்சு,” என்றார் பெரியவர். “எப்பவும் போல நீங்க பாத்துத் திருத்திடுவீங்கன்னு விட்டுட்டேன்.”