படையலுக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கியைக் கோரைப்பாயில் சுருட்டி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, யார் காலிலும் இடிக்காமல் திருநின்றவூர் வரைக்கும் ரயிலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் ஜம்புலிங்கம்.

மாகாணத்தில் யார் கையில் துப்பாக்கி இருக்கலாம், யார் கையில் இருக்கக் கூடாது என்று விதி வகுக்கும் ஆபீசில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. யோசிப்பதும் எழுதுவதும் அவர். கையெழுத்துப் போடுவது மட்டும்தான் துரை.

அப்பேர்ப்பட்டவர் மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ஒரு திருட்டுத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கிடங்குக்காரனிடம் 'பரிசோதனைக்கு' என்று சொல்லித்தான் எடுத்தார். அவன் சல்யூட் அடித்துக் கொடுத்தான். பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

கேட்டு அனுப்பியது கன்னியம்மாள். அவருடைய பால்ய சிநேகிதன் வரதனின் மனைவி.

நாளைக்கு வரதனுக்குக் கருமாதி. முந்தின சாயங்காலம், செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். வரதனுக்குப் பிடித்தவை கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, அப்புறம் அந்த நாட்டுத் துப்பாக்கி. முதல் இரண்டுக்கும் ஊரிலேயே வழி இருந்தது. மூன்றாவது சர்க்கார் கிடங்கில் கிடந்தது.

ஜப்பான்காரன் எந்த நேரமும் கரையில் இறங்கிவிடுவான் என்று பட்டணம் பாதி காலியாகிக் கிடந்தபோது வந்த உத்தரவு அது. கிராமத்துத் துப்பாக்கிகள் எதிரி கையில் சிக்கக் கூடாது, கலகக்காரர்கள் கையிலும் சிக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். காட்டுப்பன்றி விரட்ட வைத்திருப்பதும் அதில் சேர்த்தி.

ஊரில் பலரும் முரண்டு பிடித்தார்கள். வரதன்தான் துப்பாக்கியைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினான்.

"நம்ம ஜம்பு கீற எடம். அங்கேர்ந்து தப்பா இன்னா வந்துடப் போவுது?" என்று அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் பின்னால் போனார்களாம்.

அப்புறம் அவன் வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவல் போனது ஒரு தடியோடும் தகர டப்பாவோடும்தான். டப்பாச் சத்தத்துக்கு மிரளாத பன்றி ஒன்று அவன் தொடையைக் கிழித்துவிட்டது. வண்டி பூந்தமல்லி ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அந்த உத்தரவை எழுதியவன் நான்தான் என்று இன்றைக்குக் கன்னியம்மாளிடம் சொல்லிவிடுவது. அம்பத்தூர் வரைக்கும் ஜம்புலிங்கம் அதில் உறுதியாகத்தான் இருந்தார். ஆவடி வந்ததும், படையல் முடியட்டும் என்று தோன்றியது. ஊரைப் பொறுத்தவரை எல்லாம் வெள்ளைக்காரன் வேலை. ஜம்பு பாவம், அங்கே காகிதக் கட்டுத் தூக்குகிறவன். அந்த நினைப்பை அவரும் கலைத்ததில்லை.

அவர் வாசலில் கயிற்றை அவிழ்த்ததுமே கன்னியம்மாள் பாய்ந்து வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் கட்டையைத் துடைத்தாள். போன ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைத் துடைத்தாள்.

இலைக்குப் பக்கத்தில், வரதனுடைய வேட்டிமேல் அதைக் கிடத்தினாள். பிறகு ஜம்புலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே விட்டு வைக்கவும் முடியவில்லை. அவள் காறித் துப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இப்போது சொல்லிவிடலாம். சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் அவளே கேட்டாள்.

"அம்மாம் பெரிய ஆபீசுல, கொல்லைக்குக் காவல் போறவன் கஸ்டத்த எடுத்துச் சொல்ல ஒருத்தர்கூடவாண்ணா இல்ல?"

"இல்லம்மா" என்றார் ஜம்புலிங்கம்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் எதிர்பார்த்த பதில்தான். கற்பூரத்தை அவர் கையிலேயே கொடுத்து ஏற்றச் சொன்னாள்.

ஏற்றினார். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. சிநேகிதன் போன துக்கம் என்று சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஒருத்தர் இருந்தார்.

துரை. அன்றைக்கு அந்த உத்தரவின் வரைவைப் படித்து முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்: உங்கள் ஊர்ப் பக்கம் பன்றித் தொல்லை அதிகம் என்பீர்களே, பயிர்க்காவல் துப்பாக்கிகளை மட்டும் விட்டுவிடலாமா?

அறையில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஜம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்த ஊருக்குச் சலுகை தேடுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேண்டாம் சார், சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

துரை எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் ஜம்புலிங்கம் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.