பன்னிரண்டாவது டிக்கெட்

கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அக்கரைக்குப் போகும் படகில் பதினொரு பேர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். விற்றிருந்ததோ பன்னிரண்டு டிக்கெட்.

"இன்னும் ஒரு அம்மா வரணும், மேடம்," என்றார் படகோட்டி.

"ஜாக்கெட் பதினொண்ணுதான் இருக்கு. நீங்க கிளம்புங்க," என்றார் படகுத்துறையின் சோதனை அதிகாரி.

"பன்னெண்டு இருந்துச்சே?"

"ஒண்ணுல வார் அறுந்திருக்கு. நான்தான் எடுத்து ஓரமா போட்டேன்."

படகோட்டிக்குப் பொறுக்கவில்லை. "அக்கரை ஆஸ்பத்திரியில அவங்க பொண்ணுக்குப் பிரசவ வலியாம். டிக்கெட் கொடுக்கறவர் சொன்னார். அரை மணி நேரம்தானே, நடுவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் கண்டும் காணாம இருங்களேன்."

"இந்த அலையில விழுந்தா, நாம தூக்கறதுக்குள்ள ஆள் போயிடும். ஜாக்கெட் இல்லாம யாரும் ஏறக் கூடாது."

"கல் மனசு மேடம் உங்களுக்கு! ஒரு பொண்ணைப் பெத்திருந்தா தெரியும். அந்த அம்மா வராம நான் படகை எடுக்கமாட்டேன்."

அதிகாரி குனிந்து படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"அவங்க வரமாட்டாங்க. அடுத்த நடையில வந்துடறேன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

படகோட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

"ஒரு மணி நேரத்துல நல்ல ஜாக்கெட்டோட திரும்பி வர்றேன்," என்றவர், 'மேடம்' என்று சொல்ல வாயெடுத்து, "அம்மா" என்று முடித்தார்.