கட்டைவிரலின் கீழ்

சர்வரை அப்டேட் செய்து முடித்தபோது திரையில் எல்லாம் திரும்ப வந்திருந்தன. கண்காணிப்பு டூல் மட்டும் இல்லை. இதயத்தை இயக்கும் மின்னணுச் சில்லு பொருத்திய ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் துடிப்பையும் எங்கள் ஆஸ்பத்திரி அதில்தான் பார்க்கும். புதிய மென்பொருள் அந்தச் சில்லுகளுக்கும் போய்விட்டிருந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"பழைய டூல் தானா அழிஞ்சிரும், மேடம். புதுசைத் தனியா போடணும். சாயங்காலம் அனுப்புறோம்."

"அதுக்குள்ள யாருக்காவது துடிப்பு நின்னுட்டா எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டு எழுந்தேன்.

என் கணவர் ஆவுடையப்பனுக்கும் சில்லுதான். கீழே கேன்டீனில் சமையல் மாஸ்டர். மதிய வேலை முடிந்ததும் பெஞ்சில் படுத்துவிடுவார். ஓடிப்போய் உலுக்கினேன். எழவில்லை. மூக்கருகே கை வைத்தேன். மின்விசிறிக் காற்றுதான் பட்டது.

டாக்டர் ஜெசிந்தா அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாடி பாருங்க டாக்டர்."

அவர் எழுந்து வந்து, கையைத் தொடாமலே நின்றார். "நான் ஸ்கிரீன்லதான் பாத்திருக்கேன், கோமதி."

நானே மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். துடித்தது.

"இருக்கு டாக்டர், இருக்கு" என்று அழுதேன். கணவரின் கையை விட்டுவிட்டுப் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அதே கட்டைவிரலின் கீழ் மரப்பலகையும் துடித்தது. என் நாடிதான்.