முகத்துவாரத்து பேட்டரி

பட்டப்பகலில் அந்த பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முகத்துவாரத்து மணல்மேட்டில், சவுக்குக் கம்பத்தின் உச்சியில். கம்பத்தடியில் ஒரு கார் பேட்டரி. அதை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு தேவகி உட்கார்ந்திருந்தாள்.

மூர்த்திக்கு எரிச்சலாக வந்தது. புயலுக்குத் தப்பி ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே பேட்டரி. அதைப் போய் இப்படி வெயிலில் வீணடிக்கிறாளே.

புயலில் மூழ்கிப்போன தேசப்பனின் படகைத் தேட மெட்ராசிலிருந்து அனுப்பப்பட்டவன் அவன். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அடியில் கிடப்பதைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கரையிறங்கும்போது அலை தூக்கி அடித்ததில் கருவியோடு வந்த பேட்டரி பிளந்து, ஆசிட் மணலில் ஓடிவிட்டது.

கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ஜெனரேட்டரைப் பழவேற்காட்டிலிருந்து வரவழைத்தார்கள். அது உறுமிய உறுமலில் படகே நடுங்கியது. ஊசி காகிதம் முழுக்கக் கிறுக்கித் தள்ளியது. டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டைகளைத் துணியில் வரிசையாகச் சுற்றிக் கட்டியும் பார்த்தான். கருவி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

"இன்னிக்கு உட்டா மணலு மூடிக்கும் சார்," என்றான் படகோட்டி பூபதி. "அப்பால எந்த மெஷின் வந்தாலும் பிரயோசனமில்ல."

தேசப்பனின் மனைவி அங்காளம்மாள் தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தாள். உடம்பாவது கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்ட முகம்.

மூர்த்தி கம்பத்தடிக்குப் போய்க் குனிந்தான்.

"அத்த தொடாதீங்க," என்றாள் தேவகி.

ராத்திரி வரும் படகுகளுக்குத்தானே விளக்கு, பகலில் எதற்கு என்று கேட்டான். அவள் பேட்டரியை இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள். ஒருத்தியின் புருஷன் தண்ணீருக்கடியில் கிடக்கிறான், உனக்கு விளக்கு பெரிதாகப் போய்விட்டதா என்று குரலை உயர்த்தினான். பூபதி அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்போது அங்காளம்மாள் மேட்டில் ஏறி வந்தாள்.

எதுவும் கேட்கவில்லை. தேவகியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். இருவரும் கடலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து தேவகி கம்பியைக் கழற்றினாள். முதலில் ஒன்று. பிறகு மற்றொன்று. பல்பு அணைந்ததை அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பேட்டரியைத் தானே சுமந்துவந்து படகில் வைத்தாள்.

கருவி உயிர் பெற்றது.

வெயில் சாயும் நேரத்தில், தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் முதுகு போலப் புடைத்து எழுந்தது. பூபதி மூச்சடக்கிக் குதித்தான். படகுதான். வலையில் சிக்கிக் கிடந்தான் தேசப்பன்.

வேலை முடிந்தது என்று மூர்த்தி நினைத்தான். பூபதி விடவில்லை. பேட்டரி தளர்ந்து கோடு மங்கிப்போகும்வரை சுற்றிச் சுற்றித் தேடவைத்தான். திரும்பத் திரும்பக் குதித்தான். வேறு எதுவும் தென்படவில்லை.

கரையில் அங்காளம்மாளின் அழுகை எழுந்தது. ஊரே அவளைச் சூழ்ந்துகொண்டது. மூர்த்தி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தான். பகலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"கிடைச்சுட்டாரும்மா. உங்க பேட்டரியாலதான்."

தேவகி எழுந்து நின்றாள்.

"ஒருத்தர்தானா?"

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பின்னாலேயே வந்த பூபதியைத் திரும்பிப் பார்த்தான்.

"இவ வூட்டுக்காரன் லோகநாதனும் அந்தப் படகுலதான் சார் போனான்," என்றான் பூபதி, தரையைப் பார்த்தபடி. "இவ எதிருல யாரும் அந்தப் பேச்ச எடுக்கறதில்ல."

மூர்த்தி தேவகியின் பக்கம் திரும்பினான்.

"ஒருத்தர்தாம்மா."

தேவகி தலையசைத்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அவன் கையிலிருந்த பேட்டரியை வாங்கி ஏற்றிக்கொண்டாள்.

"பொன்னேரி பஸ்ஸு போயிருக்குமா? சார்ஜ் ஏத்தினு வரணும்."